நீலகிரியில் இறந்தவர்களின் பெயர்கள் எங்கே இருக்கின்றன?

ஊட்டியில் செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயத்தைப் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் முன்பக்கம் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். உள்ளே போகிறவர்கள் கூரையின் மர உத்தரங்களை அண்ணாந்து பார்ப்பார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்து எடுத்துவந்த மரம் அது. 1829-ல் அடிக்கல் நாட்டி 1831-ல் வழிபாட்டுக்குத் திறந்திருக்கிறார்கள். பின்பக்கச் சரிவில் கொஞ்சம் ஏறினால் கல்லறைத் தோட்டம். ஊட்டியை உருவாக்கிய கலெக்டர் ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்கள். சல்லிவன் இங்கிலாந்துக்குத் திரும்பிப் போய் 1855-ல் அங்கே இறந்தார்.

அந்தச் சரிவில் ஒரு மணி நேரம் செலவிட்டுக் கற்களைப் படித்துப் பாருங்கள். பெயர், வயது, இறந்த தேதி, யாருடைய மகள், யாருடைய மனைவி என்று எல்லாம் இருக்கும். மெட்ராஸ் மாகாணத்திலிருந்த இப்படிப்பட்ட கல்லறை வாசகங்களை ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற அதிகாரி ஊர் ஊராகத் திரட்டித் தொகுத்தார். 1905-ல் அது புத்தகமாக வந்தது. கல் உடைந்து விழுந்தாலும் பெயர் காகிதத்தில் பிழைத்துக்கொள்ளும்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. செத்துப்போன ஒருவரை இப்படித்தான் பாதுகாக்க வேண்டும். நான் கேட்பது, அந்த உத்தரங்களை மைசூர்ச் சீமையிலிருந்து காட்டு வழியாக மலைக்கு ஏற்றியவர்கள் யார் என்பதை. குன்னூர் மலைப்பாதையை வெட்டியவர்கள் யார்? நடுவட்டத்தில் கொயினா மருந்துக்கான சின்கோனாத் தோட்டம் போட்டபோது சீனக் கைதிகளைக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பிடிபட்டவர்களை வெலிங்டனிலும் கேத்தியிலும் அடைத்து வைத்தார்கள். தேயிலைச் செடியை நட்டு, கவாத்து வெட்டி, கொழுந்து பறித்துத் தலைமுறை தலைமுறையாக இங்கேயே மடிந்தவர்கள் எத்தனை பேர்! அவர்களில் எத்தனை பெயர்களை நம்மால் சொல்ல முடியும்?

உலகத்தில் பல நகரங்கள் தங்கள் ஊரில் இறந்தவர்களுக்கும் போரில் மாண்டவர்களுக்கும் சேர்த்து ஒரு நினைவு அருங்காட்சியகம் வைத்திருக்கின்றன. அது எப்படி இயங்குகிறது, நம் மலைக்கு அப்படி ஒன்று ஏன் தேவை, அதை அமைக்கும்போது எங்கெங்கே சிக்கல் வரும் என்று எழுதிப் பார்க்கிறேன்.

சாதாரணமாக நாம் பார்க்கும் அருங்காட்சியகத்தில் பொருள்தான் முக்கியம். பழைய வாள், பழைய காசு, பாடம் செய்து வைத்த புலி. யார் பயன்படுத்தியது என்று தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் காட்சிக்குக் குறைவில்லை. நினைவு அருங்காட்சியகத்தில் வரிசையே மாறிவிடும். முதலில் ஆள். அந்த ஆளின் பெயர், முகம், குரல், வீட்டார் சொல்லும் கதை. அதற்கப்புறம்தான் அவர் தொட்ட பொருள். ஹிரோஷிமா அருங்காட்சியகத்தில் ஒரு குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் இருக்கிறது. மூன்று வயதுப் பையன் ஷினிச்சி அதில் விளையாடிக்கொண்டிருந்தபோதுதான் 1945 ஆகஸ்ட் 6-ம் தேதி அணுகுண்டு விழுந்தது. அப்பா அவனை வீட்டுத் தோட்டத்திலேயே புதைத்தார். கூடவே சைக்கிளையும் புதைத்தார். நாற்பது வருடம் கழித்துத் தோண்டியெடுத்து அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். துருப்பிடித்த அந்தச் சைக்கிளை ஒரு பழைய பொருள் என்று யாராலும் பார்க்க முடியாது.

ஹிரோஷிமாவில் நான் இன்னும் அதிகமாக மதிப்பது அங்கிருக்கும் பெயர்ப் பதிவேட்டைத்தான். 1952-ல் கட்டிய வளைவு போன்ற நினைவுச்சின்னத்தின் கீழே ஒரு கல்பெட்டி. அதற்குள் இறந்தவர்களின் பெயர் எழுதிய ஏடுகள். குண்டு விழுந்த அன்று செத்தவர்களோடு அந்தப் பட்டியல் நின்றுவிடவில்லை. அன்று உயிர் தப்பி, பிறகு ஐம்பது அறுபது வருடம் வாழ்ந்து, பேரன் பேத்தி எடுத்து, கிழப்பருவத்தில் இறந்தவர்களையும் ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்ட் 6 அன்று அதில் சேர்க்கிறார்கள். மொத்தம் 3,40,000-ஐத் தாண்டிவிட்டது. பெயரே தெரியாமல் போனவர்களுக்கென்றும் ஓர் ஏடு உண்டு. அதில் பெயர்கள் இல்லை, அடையாளம் தெரியாத பலர் என்ற குறிப்பு மட்டும்தான். ஆண்டுதோறும் மே மாதம், மழைக்காலம் தொடங்கும் முன்பு, நகராட்சி ஊழியர்கள் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு அத்தனை ஏடுகளையும் வெளியே எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காற்றாட விடுகிறார்கள். ஈரத்தில் பூசணம் பிடிக்காமல் இருப்பதற்காக. குன்னூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆடி மாதத்தில் பெட்டிக்குள் வைத்த துணி என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்.

ஊரில் வாழ்ந்து இறந்தவரும் போரில் செத்தவரும் ஒரே ஏட்டில் வருவது எனக்குச் சரியாகப் படுகிறது. போர் ஓர் ஊருக்குள் புகுந்தால் தேதி குறித்துக்கொண்டு வெளியே போவதில்லை. அது தப்பித்தவர்களின் உடம்பிலும் வீட்டிலும் தங்கிவிடுகிறது.

நடுகல்லும் எண் கல்லும்

பெயர் எழுதிக் கல் நடுவது நமக்கு யாரும் சொல்லித் தந்த பழக்கமல்ல. கல்லைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி, கொண்டுவந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரைக்கும் நடுகல்லுக்கு ஆறு நிலைகளை வகுத்து வைத்திருக்கிறது தொல்காப்பியம். 2006-ல் ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் புலிமான்கோம்பையில், பழந்தமிழ் எழுத்தான தமிழியில் பொறித்த நடுகற்கள் கிடைத்தன. பழனி மலைக்குத் தெற்கே, வைகை ஓடும் பக்கம். அதிலொன்றில் கூடலூர் ஆகோளில், அதாவது மாடு கவர்ந்த பூசலில், இறந்த தீயன் அந்தவன் என்பவனின் கல் என்று எழுதியிருக்கிறது. அரசன் பெயர் இல்லை, புகழ் மாலை இல்லை. ஆளின் பெயர், எங்கே எப்படிச் செத்தான் என்பது, இவ்வளவுதான். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் ஒரு சிற்றூரில் யாரோ உளி பிடித்துச் செதுக்கிய பெயரை இன்று நாம் வாய்விட்டுப் படிக்கிறோம்.

இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது முதல் உலகப் போர் முடிந்த பிறகு ஆங்கில அரசு நம் ஊர்களில் பதித்த பலகைகள். தமிழ்நாட்டில் இன்னும் சில ஊர்களில் இருக்கின்றன. "இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914-1919 பெரும் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள்" என்ற பொருளில் ஒரே அச்சு வாசகம். எண்ணை மட்டும் ஊருக்கு ஊர் மாற்றிக்கொள்ளலாம். போனவனின் பேத்தி அந்தப் பலகை முன்னால் நின்றால், அந்த எண்ணுக்குள் தன் தாத்தா இருக்கிறாரா இல்லையா என்று அவளால் சொல்ல முடியாது.

தாய்லாந்தில் காஞ்சனபுரிக்குப் போனால் இந்த வித்தியாசம் இன்னும் உறைக்கும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் சயாம்-பர்மா ரயில்பாதை போட்டார்கள். சுமார் 415 கிலோமீட்டர். அதில் மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளில் 6,982 பேருக்குக் காஞ்சனபுரி போர்க் கல்லறையில் இடமும் பெயரும் உண்டு, புல்லைக்கூட ஒழுங்காக வெட்டி வைத்திருக்கிறார்கள். அதே பாதையில் அதைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் செத்தார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து அள்ளிக்கொண்டு போன தமிழர்கள் அவர்களில் ஏராளம். அவர்களுக்குத் தனித்தனிக் கல்லறை கிடையாது, பட்டியலும் கிடையாது. தோட்டத் தொழிலாளி கூலிக்கு மட்டும் பதிவேட்டில் இருப்பான், சாவுக்கு இருக்கமாட்டான். நீலகிரியிலும் நிலைமை இதிலிருந்து ரொம்பத் தூரமில்லை.

எப்படிச் செய்யக் கூடாது என்பதற்கு மட்டுமல்ல, செய்ய முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. நாகாலாந்தின் கோஹிமாவில் இருக்கும் இரண்டாம் உலகப் போர்க் கல்லறையில் 1,420 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேருக்குக் கல்லறை இருக்க முடியாது, அதனால் அவர்களுக்கென்று தனியாக ஒரு நினைவிடம் கட்டிப் பெயர்களைப் பொறித்தார்கள். 2019 பிப்ரவரியில் டெல்லியில் திறந்த தேசியப் போர் நினைவகத்தில் சுதந்திரத்துக்குப் பிறகு இறந்த வீரர்கள் 25,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் கருங்கல் பலகைகளில் இருக்கின்றன. மனம் வைத்தால் ஒவ்வொரு பெயராகத் தேடி எழுதலாம்.

வெலிங்டனும் அதன் அக்கம்பக்கமும்

நம் மலையில் முறையாகப் பேணப்படும் போர் நினைவிடம் என்றால் அது வெலிங்டனில் இருப்பதுதான். ஜெகதளா என்று அழைக்கப்பட்ட இடத்தில் 1850-களில் பாரக்ஸ் கட்டி, பிறகு வெலிங்டன் என்று பெயர் வைத்தார்கள். தன் தொடக்கம் 1758 என்று கணக்கிடும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் மையம் இன்று அங்கே இருக்கிறது. போர் நினைவிடமும் படைப்பிரிவின் அருங்காட்சியகமும் உண்டு. அது ராணுவத்தின் இடம், ராணுவம் தன் ஆட்களை நன்றாகவே நினைக்கிறது. குன்னூரில் வாழ்ந்த ஃபீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷா 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் இறந்தார். ஊட்டியில் பார்சிகளின் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

2021 டிசம்பர் 8 பகலில் நஞ்சப்பசத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவர் மனைவி மதுலிகா உட்பட 13 பேர் அன்றே இறந்தார்கள். ஒரு வாரம் போராடிய குரூப் கேப்டன் வருண் சிங் 15-ம் தேதி இறந்தார். முதலில் ஓடியது அந்தக் குடியிருப்பின் தேயிலைத் தொழிலாளர்கள். குடத்தில் தண்ணீர் எடுத்து ஊற்றினார்கள். கம்பளி கொண்டுவந்து, அதில் தூக்கி வந்தார்கள். ராணுவம் அந்த ஊருக்கு வந்து நன்றி சொன்னது, ஓராண்டுக்கு மாதம் ஒரு மருத்துவ முகாம் நடத்துவதாக அறிவித்தது. விபத்துக்கு மறுநாள் சூலூருக்கு உடல்களைக் கொண்டுபோனபோது வழியெல்லாம் ஜனங்கள் நின்று பூ வீசினார்கள்.

அந்தக் கம்பளிகளில் ஒன்றை, கொடுத்த வீட்டுக்காரரின் வாய்மொழியோடு ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க இந்த மலையில் ஓர் இடம் இருந்திருக்க வேண்டும். ராணுவ அருங்காட்சியகம் தளபதியின் கதையைச் சொல்லும். கம்பளி கொடுத்தவர்களின் கதையை ஊர்தான் சொல்ல வேண்டும். ஊருக்கோ அப்படிச் சொல்ல ஓர் இடம் இல்லை.

மண்சரிவில் போனவர்களின் கதியும் அதுதான். 1993 நவம்பரில் மரப்பாலத்தில் மலைப்பாதையையே வாரிக்கொண்டு போனது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது, மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பலர் இரவில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். நிவாரணத் தொகைக்காகப் பெயர்கள் ஒரு கோப்பில் எழுதப்பட்டன. கோப்பு மூடியதோடு அந்தப் பெயர்களும் மூடிக்கொண்டன.

அப்பாயியின் தம்பி

இந்தப் பகுதியை எழுத எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன், ஏனென்றால் இது என் வீட்டுக் கதை.

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கை மலையகத்தில் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்றார்கள். மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பாத்திரம் பண்டத்தைப் பாகம் பிரிப்பதுபோல. அப்படி வந்தவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் குடும்ப அட்டை வாங்கிக்கொண்டு பல ஊருக்கும் சிதறினார்கள். அவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968-ல் தமிழக அரசு தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. அதுதான் 1976-ல் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், சேரம்பாடி என்று இந்த மாவட்டம் முழுக்க அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

எங்கள் அப்பாயி, அப்பாவின் அம்மா, அப்படி வந்தவர். அவருடைய தம்பி வரவில்லை, ஒரே குடும்பத்தில் சிலருக்கு இந்தியா, சிலருக்கு இலங்கை என்று விழுந்தது. 1977-ல் மலையகத்துத் தோட்டங்களில் தமிழர்களை அடித்து விரட்டியபோது ஆயிரக்கணக்கானோர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடிக் காட்டை வெட்டிக் குடியேறினார்கள். அவரும் போனார். 2009-ல் போர் முடிந்த பிறகு அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. உடல் இல்லை, சான்றிதழ் இல்லை, இன்ன தேதி என்றுகூடத் தெரியாது. தேதி தெரியாதவர்களுக்கு ஆடி அமாவாசைதான் திதி. அப்பாயி வருடா வருடம் அன்றைக்கு ஓர் இலை கூடுதலாகப் போடுவார். "எல்லாருக்கும் ஒரு கல்லாச்சும் இருக்குய்யா, அவனுக்கு நான் போடுற இந்த இலதான்" என்று ஒருமுறை சொன்னார்.

அவரிடம் ஒரு புகைப்படம் இருந்தது. இலங்கையில் அட்டன் ஊர் ஸ்டுடியோவில் எடுத்தது, அக்காவும் தம்பியும் நிற்கிறார்கள். டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தார். பத்திரம் என்று நினைத்த இடம்தான் அதற்கு எமன். ஒரு மழைக்காலம் முடிந்து திறந்தபோது தம்பியின் முகத்தின் மேலே பூசணம் படர்ந்திருந்தது. வீட்டில் யாரோ ஈரத்துணியால் துடைத்துவிட்டார்கள். பூசணத்தோடு முகமும் பாதி வந்துவிட்டது.

இப்படி எத்தனை வீடுகள் இந்த மலையில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அங்கே செத்தவர்கள் இந்தியக் கணக்கில் வரமாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் இந்தியர்கள் அல்ல. இலங்கையிலோ அவர்களைத் தேட ஆளில்லை. அவர்களை நினைக்கிறவர்கள் கோத்தகிரியிலும் பந்தலூரிலும் லயன் வீடுகளில், தோட்டத்தின் வரிசைக் குடியிருப்புகளில், இருக்கிறார்கள்.

கூடவே ஒரு கடினமான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 1987 ஜூலை முதல் 1990 மார்ச் வரை இந்திய அமைதிப்படை இலங்கையில் இருந்தது. சுமார் 1,200 இந்திய வீரர்கள் அங்கே இறந்தார்கள், மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்களும் அவர்களில் உண்டு. அதே காலத்தில் அதே மண்ணில் தமிழ்ப் பொதுமக்களும் அந்தச் சண்டையில் மாண்டார்கள். இருவரையும் நினைத்து அழும் வீடுகள் இந்த ஒரே மாவட்டத்தில், சில மைல் தூரத்தில் இருக்கின்றன. ஊருக்கென்று ஒரு நினைவு அருங்காட்சியகம் வந்தால் ஒரே சுவரில் இரண்டு பெயர்களையும் எழுதுவதா?

எழுதலாம் என்பதுதான் என் பதில். ஒகினாவாவில் 1995-ல் திறந்த அமைதியின் மூலைக்கல் எனக்கு இதில் வழிகாட்டி. 1945-ல் அந்தத் தீவில் நடந்த போரில் இறந்த 2,40,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்கே இருக்கின்றன. தீவின் பொதுமக்கள், ஜப்பானியச் சிப்பாய்கள், அவர்களோடு சண்டையிட்ட அமெரிக்கச் சிப்பாய்கள், ஜப்பான் இழுத்துவந்த கொரியர்கள் என எல்லோரும் ஒரே வெளியில். அவரவர் பெயர் அவரவர் எழுத்திலேயே. யார் சரி, யார் தவறு என்று அந்தக் கல் தீர்ப்புச் சொல்லவில்லை. தீர்ப்பு வேண்டாம் என்றும் அது சொல்லவில்லை. அதைப் பக்கத்திலிருக்கும் அருங்காட்சியகம் சான்றுகளை வைத்துப் பேசுகிறது. எங்கள் உறவினர் பெயரை அங்கே எழுதாதீர்கள் என்று மறுத்த கொரியக் குடும்பங்களும் உண்டு. எழுதிக்கொள்ள உரிமை இருக்கிற மாதிரி மறுக்கவும் உரிமை இருக்கிறது.

பெயர் சொல்லாத நினைவு

இதுவரை பெயர் பெயர் என்று எழுதிவிட்டேன். ஆனால் இந்த மலையின் மூத்த குடிகள் எல்லோருக்கும் அது பொருந்தாது.

தோடர்களிடையே தங்கி ஆய்வு செய்து 1906-ல் நூல் வெளியிட்ட ரிவர்ஸ், இறந்தவரின் பெயரைச் சொல்வதை அவர்கள் தவிர்ப்பதைப் பதிவு செய்திருக்கிறார். 1930-களில் அவர்கள் பாடல்களைத் திரட்டிய மொழியியலாளர் எமனோவும், அந்தப் பாடல்களில் இறந்தவரை நேராகப் பெயர் சொல்லாமல், குலம், இடம், எருமை ஆகியவற்றைச் சொல்லிக் குறிப்பாகச் சுட்டுவதை எடுத்துக்காட்டினார். கேட்கிறவர்களுக்கு யாரைப் பாடுகிறார்கள் என்று தெரியும், வெளியாளுக்குத் தெரியாது. தோடர்களுக்கும் கோத்தர்களுக்கும் சாவுச் சடங்கு இரண்டு முறை நடந்தது. பச்சைச் சாவு என்ற முதல் சடங்கு முடிந்த பிறகு எரியூட்டியதில் ஒரு எலும்புத் துண்டை வைத்திருந்து, பிறகு ஒரு காலத்தில் உலர் சாவு செய்து முடிப்பார்கள். அதுவரை இறந்தவர் முழுதாகப் போய்விடவில்லை. படகர்களிடம் கருஹரசோது உண்டு. இறந்தவரின், அவர் முன்னோரின் பாவங்களை ஒரு பெரியவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, சுற்றி நிற்பவர்கள் பதில் குரல் கொடுப்பார்கள். ஆயிரத்து முன்னூறு பாவம் என்று கணக்கு. அத்தனையும் ஓர் எருமைக் கன்றின் மேல் போய்விடும். ஊர் கூடி நின்று ஒருவரை மன்னித்து அனுப்புகிற அந்தச் சடங்கைவிடப் பெரிய நினைவுச்சுவர் எது?

ஆகவே கருங்கல் சுவரில் எல்லோருக்கும் ஒரே அளவு எழுத்து என்று இங்கே போக முடியாது. தோடர் குடும்பம் பெயர் வேண்டாம் என்றால் அந்த இடத்தில் எருமையின் பெயரோ, மந்து என்னும் அவர்கள் குடியிருப்பின் பெயரோ வரலாம். எதுவும் வேண்டாம் என்றால் இடத்தை வெறுமையாகவே விடலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்கள்தான், குழு போட்டு உட்காரும் நாம் அல்ல.

இதில் நமக்கு ஒரு பழைய தவறு பாடமாக இருக்கிறது. நீலகிரியின் முதல் கமிஷனர் ஜேம்ஸ் பிரீக்ஸ் மலையுச்சிகளில் இருந்த பழங்காலக் கல்வட்டப் புதைகுழிகளைத் தோண்டினார். மூடியில் எருமை, மனித உருவம் வைத்த மண்தாழிகள், வெண்கலக் கிண்ணங்கள், நகைகள் என்று நிறையக் கிடைத்தன. அவை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் லண்டனுக்கும் போய்ச் சேர்ந்தன. பிரீக்ஸ் 1872-ல் இறந்தார், அவர் நூல் 1873-ல் வெளிவந்தது, அவர் பெயரில் ஊட்டியில் பள்ளிக்கூடம் வந்தது. அந்தத் தாழிகளின் வேலைப்பாட்டை நான் எழும்பூரில் நின்று வெகுநேரம் பார்த்திருக்கிறேன். அவ்வளவு அழகு. ஆனால் ஒருவரின் சாவுக்காக இன்னொருவர் அழுதுகொண்டே வைத்த பொருள் அது என்று கண்ணாடிப் பெட்டியின் சீட்டில் எழுதியிருப்பதாக எனக்கு நினைவில்லை. இறந்தவர்களின் பொருளை வைத்து ஓர் அருங்காட்சியகம் நடத்துவது சுலபம். அவர்களுக்காக நடத்துவதற்கு அவர்களுடைய மனிதர்களின் சம்மதம் வேண்டும்.

பெயர்கள் கிடைக்குமா?

கிடைக்கும். ஊட்டி, குன்னூர் இரண்டும் 1866-லிருந்து நகராட்சிகள். பிறப்பு இறப்புப் பதிவுக்கு மெட்ராஸ் மாகாணத்தில் 1899-லேயே சட்டம் வந்துவிட்டது. 1969-ம் ஆண்டு மத்தியச் சட்டப்படி இறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். கிராமத்தில் விஏஓ, நகராட்சியில் சுகாதாரப் பிரிவு. பழைய எஸ்டேட்டுகளில் செக்ரோல் இருந்தது. ஒவ்வொரு ஆளும் எத்தனை நாள் பிரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, வந்தார் என்று எழுதிய பதிவேடு, திடீரென்று ஒரு பெயர் நின்றுபோனால் ஏன் என்று தேடலாம். தேவாலயங்களிலும் பள்ளிவாசல்களிலும் அடக்கப் பதிவேடுகள் உண்டு. தாயகம் திரும்பியோரின் வீடுகளில் குடும்ப அட்டை இன்னும் இருக்கிறது.

சிக்கல் அவற்றின் உள்ளே இருக்கிறது. எழுதியவர்கள் பெரும்பாலும் குமாஸ்தாக்கள், காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார்கள். ஒரே கருப்பாயி மூன்று ஏட்டில் மூன்று விதமாக இருப்பார். பெண்கள் பல இடங்களில் இன்னாரின் மனைவி என்பதோடு முடிந்துபோகிறார்கள். சில பெயர்களோடு சாதியும் ஒட்டிக்கொண்டு வரும். அதைச் சுவரில் எழுதினால் பிரித்துப் புதைத்த சுடுகாட்டையே மறுபடி கட்டியதாகும். எழுதக் கூடாது, மூலப் பதிவேட்டில் இருந்தால் இருக்கட்டும். இந்த வேலையை ஓர் அதிகாரி மேசையில் உட்கார்ந்து செய்ய முடியாது. லயன் லயனாக, படகர் ஊர்களான ஹட்டி ஹட்டியாகப் போய்ப் படித்துக் காட்டி, வயதானவர்களிடம் கேட்டுத் திருத்த வேண்டும். திருத்தத் தெரிந்தவர்கள் இப்போது எண்பது வயதைத் தாண்டியவர்கள். அதனால்தான் கட்டடத்துக்கு நிதி வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்க முடியாது.

அப்புறம் ஈரம். ஜூனில் தொடங்கி நவம்பர் வரை நம் மலையில் இரண்டு பருவமழை, நடுவில் பனிமூட்டம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நாள் கணக்கில் நின்றாலே காகிதத்தில் பூசணம் பிடிக்கத் தொடங்கும், ராமபாணப் பூச்சியும் வரும். ஈரம் உறிஞ்சும் இயந்திரமும், அமிலம் இல்லாத அட்டைப் பெட்டிகளும், சேலை, வேட்டிகளை மடிக்காமல் உருளையில் சுற்றி வைக்கும் ஏற்பாடும் முதல் நாளிலிருந்தே வேண்டும். பூசணம் பிடித்த படத்தை ஒருநாளும் ஈரத்துணியால் துடைக்காதீர்கள். நிழலில் காற்றாட விட்டு முதலில் உலர வையுங்கள். தொடாமல் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள், மிச்சத்தைத் தெரிந்தவர்களிடம் விடுங்கள். எங்கள் வீட்டில் அன்றைக்கு இதைச் சொல்ல ஆள் இருந்திருந்தால் அந்த முகம் பிழைத்திருக்கும்.

தொடங்குவதற்குக் கட்டடம் தேவையில்லை. நீளமான ஒரு கணக்கு நோட்டு, பக்கத்துக்கு நான்கு கட்டம். வீட்டில் கூப்பிட்ட பெயர், பிறந்த ஊர், இறந்த ஊரும் காலமும், இதைச் சொன்னவர் யார். நான்காவது கட்டம் முக்கியம். பெயர் யார் நினைவிலிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் பின்னால் வருகிறவர் சரிபார்க்க முடியும். நான் அப்படி ஒன்று தொடங்கினேன். முதல் பக்கத்தில் அப்பாயி தம்பியின் பெயரைச் சொல்லச் சொல்ல எழுதினேன். அட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தார். மூன்றாவது கட்டத்தில் வன்னி, 2009 என்று எழுதி, தேதிக்கு இடம் விட்டேன். நான்காவதில் "அக்கா" என்று எழுதப் போனேன். அப்பாயி கையைப் பிடித்து நிறுத்தி, தன் முழுப் பெயரையும் எழுதச் சொன்னார். எழுதினேன். அதற்குப் பிறகு எங்கள் லயனில் பதினோரு வீடுகள் எழுதி முடித்திருக்கின்றன, பக்கத்து லயனில் நோட்டு இப்போது சுற்றிக்கொண்டிருக்கிறது.